ஓடி முடித்ததும் இருமல், நெஞ்சு இறுக்கம்: ஓட்டத்தை நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுவாள். ஞாயிறு தவிர தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி. மூன்று மாதமாக, ஓடி முடித்த ஐந்து நிமிடத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொள்கிறது. நெஞ்சை இறுக்கிக் கட்டினதுபோல் இருக்கிறது என்கிறாள். சில நாள் விசில் மாதிரி சத்தமும் வருகிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். 1500 ஓடும் நாளில்தான் அதிகம். மார்கழியில் ரொம்பவே சிரமப்பட்டாள். மைதானத்தை ஒட்டித் தென்னை நார் மில் வேறு இருக்கிறது. ஸ்டாமினா போதவில்லை என்கிறார் பி.டி. சார். டாக்டர் சால்பியூட்டமால் இன்ஹேலர் எழுதி, ஓடுவதற்கு முன் இரண்டு பஃப் எடுக்கச் சொன்னார். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது அவ்வளவாகக் கேட்கவில்லை. 'இன்ஹேலர் பழகிவிட்டால் விடாது, சிரப் கொடு, பெண்பிள்ளைக்கு இழுப்பு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்' என்கிறார் என் மாமியார். மாவட்டப் போட்டி வருகிறது. இன்ஹேலர் போட்டு ஓடினால் ஊக்கமருந்து என்று பிடிப்பார்களா? ஓட்டத்தையே நிறுத்திவிடலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். மாற்ற வேண்டியது மருந்து கொடுக்கும் முறையைத்தான். கூடவே வார்ம்-அப்பையும் பயிற்சி நேரத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் இடம் 'ஓடி முடித்த ஐந்து நிமிடத்தில்' என்பது. ஸ்டாமினா குறைந்த பிள்ளைக்கு ஓடும்போதே மூச்சு வாங்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும். உடற்பயிற்சி தூண்டும் ஆஸ்துமா இப்படிப் போகாது. ஓடும்வரை பிள்ளை சமாளித்துவிடும். நின்ற பிறகுதான் மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும். வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங் மூன்றும் சேர்ந்து இந்தக் கால அளவில் வந்தால், பி.டி. சாரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: இது பயிற்சிக் குறைவு இல்லை. ஓடினால் மூச்சு முட்டுவதை ஆஸ்துமாவின் அடையாளமாக அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். இன்றும் நம் பள்ளி மைதானங்களில் இது 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வாங்குவது வருத்தமான விஷயம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால், செய்ய வேண்டிய பலவும் தானாகப் புரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுக்கிறோம். அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி மூக்கு உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது தேவைப்படும் காற்று பத்து மடங்காகிறது. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். மூக்கு செய்த வேலை முழுவதும் மூச்சுக்குழாய்களின் தலையில் விழுகிறது. உள்ளே போகும் காற்றுக்கு ஈரத்தைக் கொடுத்துக் கொடுத்து, குழாயின் உள்பரப்பில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் வற்றி உப்புத்தன்மை ஏறுகிறது. அது அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் போன்ற பொருள்களைக் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது.

மார்கழியில் அதிகமானதற்கும் இதுதான் காரணம். புல்லெல்லாம் பனி நனைத்திருக்கிறதே, காற்று ஈரமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. நுரையீரலுக்குள் காற்று 37 டிகிரிக்குச் சூடாகி முழு ஈரம் ஏறும்போது, ஒரு லிட்டரில் சுமார் 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். விடியற்காலை 18 டிகிரிக் காற்றில், பனி மூடியிருந்தாலும், லிட்டருக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். மீதியை மூச்சுக்குழாய்தான் ஈடுகட்ட வேண்டும். 1500 மீட்டர் அதிகமாகப் படுத்துவதற்கும் கணக்கு உண்டு. ஐந்து முதல் எட்டு நிமிடம் விடாமல் வேகமாக ஓடுவதுதான் இந்தச் சுருக்கத்தை மிகச் சுலபமாகத் தூண்டும். உங்கள் மகளின் வயதில் 1500 ஓட ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதேதான்.

முதல் வேலை, இதை அளந்து உறுதிசெய்வது. அறிகுறியை மட்டும் கேட்டு மருந்து எழுதுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அதில் தவறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு. நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளப்பது) செய்து, பிறகு டிரெட்மில்லில் ஆறு முதல் எட்டு நிமிடம் ஓடவிட்டு மறுபடி ஊதவைத்துப் பார்ப்பதுதான் சரியான பரிசோதனை. அதற்கு வசதி இல்லாத ஊரில், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் உதவும். மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய் அது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, சளி, வீசிங் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, மைதானத்திலேயே செய்யலாம். சால்பியூட்டமால் எடுத்து எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அன்று வார்ம்-அப் வேண்டாம். இன்ஹேலரும், அதில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நிற்கவைத்து, மீட்டரின் முள்ளைக் கீழே இறக்கி, முழு மூச்சு இழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் வேகமாக ஊதச் சொல்லுங்கள். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறியுங்கள். பிறகு, பேச முடியாத அளவு வேகத்தில் ஆறு முதல் எட்டு நிமிடம் விடாமல் ஓடட்டும். நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். 5, 10, 15, 20, 30-ஆவது நிமிடங்களில் மீண்டும் ஊதச் சொல்லுங்கள். ஓடுவதற்கு முன் 320 என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது நிமிடத்தில் 260 என்றால் குறைந்தது 60. அது கிட்டத்தட்ட 19 சதவீதம். பிள்ளைகளிடம் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறிய, புழுக்கமான பொழுதில் செய்தால் குறையாமலே போகலாம். தொந்தரவு வரும் அதே விடியற்காலையில்தான் செய்ய வேண்டும். ஊதும்போது அசட்டையாக ஊதினாலும் எண் குறையும் என்பதால், முடிவு சந்தேகமாக இருந்தால் ஸ்பைரோமெட்ரி கட்டாயம்.

ஆஸ்துமா மாதிரியே தெரியும் வேறு சிலவும் உண்டு. வளரிளம் பெண்பிள்ளைகளிடம், குறிப்பாக விளையாட்டில் தீவிரமாக இருப்பவர்களிடம், ஓட்டத்தின் உச்சத்தில் குரல்வளை சுருங்கிக்கொள்வது ஒன்று. அதில் இறுக்கம் நெஞ்சில் இருக்காது, தொண்டையில் இருக்கும். சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே உச்சத்துக்குப் போய், நின்ற ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இன்ஹேலருக்கு அது கேட்கவே கேட்காது. அதற்கு மருந்தை ஏற்றிக்கொண்டே போவது வீண். மூச்சுப்பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் தீர்வு. ரத்தசோகையும் நம் பெண்பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலியோ தாறுமாறான படபடப்போ வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இதயத்தைப் பார்க்காமல் ஓடவிடக் கூடாது. இசிஜி, எக்கோ இரண்டும் எடுங்கள். நீங்கள் எழுதியதில் இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை. இருந்தும் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். சால்பியூட்டமாலை ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன் எடுத்தால் இரண்டு முதல் நான்கு மணி நேரம் பாதுகாப்பு கிடைக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விளையாடுபவருக்கு இது நன்றாக வேலை செய்யும். தினமும் எடுக்கும்போது, மூச்சுக்குழாய்த் தசையில் அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகின்றன. பாதுகாப்பு நிற்கும் நேரம் சுருங்குகிறது. சுருக்கம் வந்தபின் எடுத்தாலும் விடுவதற்கு நேரம் பிடிக்கிறது. 'முதலில் கேட்டது, இப்போது கேட்கவில்லை' என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதைத்தான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இந்த மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியை, அதாவது வீக்கத்தை, அது தொடுவதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் இரண்டு பஃப், வாரம் ஆறு நாள், ஆண்டுக்கு 624 பஃப். ஒரு குப்பியில் 200 பஃப் என்றால் ஆண்டுக்கு மூன்று குப்பிக்கு மேல். ஆண்டுக்கு மூன்று குப்பி அல்லது அதற்கு மேல் சால்பியூட்டமால் செலவாகும் ஆஸ்துமா நோயாளிக்குக் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்பதை உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜீனா தெளிவாகவே சொல்கிறது. 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019-இல் அது தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது.

ஆஸ்துமா என்று உறுதியானால் உங்கள் மகளுக்குத் தேவை, அந்த அழற்சியைத் தணிக்கும், மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. இரண்டு வழி உண்டு. புடெசொனைடு போன்ற மருந்தைக் குறைந்த அளவில், நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம், தினமும் எடுத்து, ஓடுவதற்கு முன் சால்பியூட்டமாலைத் தேவைப்படும் நாளில் மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. புடெசொனைடும், மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, ஓடுவதற்கு முன்பும் தொந்தரவு வரும்போதும் எடுப்பது மற்றொன்று. 12 வயது கடந்துவிட்டதால் இந்த இரண்டாவது வழியும் அவளுக்குப் பொருந்தும். கைவசம் ஒரே இன்ஹேலர் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சுலபம் என்பது என் எண்ணம். எது என்பதை உங்கள் டாக்டர் அவளைச் சோதித்து முடிவு செய்யட்டும். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரின் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஸ்டீராய்டு என்றதும் உங்களுக்குக் கலக்கம் வரும். சின்ன வயதிலேயே தொடங்கி ஆண்டுக்கணக்கில் தினமும் 400 மைக்ரோகிராம் புடெசொனைடு எடுத்தவர்களைப் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்தபோது, உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய அளவே குறைந்திருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமா பறிப்பது அதைவிட மிக அதிகம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வாயில் வெள்ளைப் பூஞ்சை படியாது, குரலும் கம்மாது.

மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் சிலருக்கு எழுதுவார்கள். 14 வயதுவரை 5 மில்லிகிராம். ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எடுக்க வேண்டும். அது எல்லோருக்கும் கேட்பதில்லை. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பதின்வயதுப் பிள்ளைக்கு இதை முதல் தேர்வாக நான் நினைக்க மாட்டேன். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அவள் தூக்கத்திலும் நடத்தையிலும் மாற்றம் தெரிகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

மருந்தை மாற்றுவதற்கு முன் ஒரு காரியம். அவள் இன்ஹேலர் எடுப்பதை எதிரே உட்கார்ந்து பாருங்கள். அழுத்தியதும் உதட்டோரத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ வெள்ளைப் புகை வந்தால், மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை என்று அர்த்தம். குலுக்காமல் அடிப்பது, அழுத்திய பிறகு மூச்சை இழுப்பது, வெடுக்கென்று இழுப்பது, இரண்டு பஃப்பையும் ஒரே மூச்சில் அடிப்பது, உடனே மூச்சை விட்டுவிடுவது என்று தவறுகள் பல. சரியாகச் செய்வது இப்படி: புதுக் குப்பியாக இருந்தாலோ பல நாள் எடுக்காமல் இருந்தாலோ முதலில் இரண்டு முறை காற்றில் அடித்துவிட வேண்டும். நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேசரின் வாயைக் கவ்வி, ஒரு முறை அழுத்தி, மெதுவாக மூன்று முதல் ஐந்து வினாடி இழுக்க வேண்டும். பத்து வினாடி அடக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி, இரண்டாவது பஃப். 14 வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர் எதற்கு, அது குழந்தைகளுக்குத்தானே என்பார்கள். பெரியவர்களுக்கும் அது மருந்தை நெஞ்சுக்குள் கூடுதலாகக் கொண்டுசேர்க்கும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி வகையைக் கொடுத்தால் முறை தலைகீழ்: அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், இழுத்தபின் கேப்சூலுக்குள் பொடி மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மாமியாருக்குச் சொல்ல இந்தக் கணக்கு உதவும். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப், 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப் 20 பஃப்புக்குச் சமம். அது வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் முன்னால் வந்துவிடும். வேலை செய்யவும் நேரமாகும். இன்ஹேலர் போதைபோலப் பழகிப்போகும் என்பது உண்மையில்லை. தினசரிச் சால்பியூட்டமாலின் பலன் குறைகிறது என்று மேலே சொன்னேனே, அதற்கும் அடிமையாவதற்கும் சம்பந்தம் இல்லை; எடுப்பதைக் குறைத்ததும் பலன் திரும்பிவிடும். பெண்பிள்ளை என்பதற்காக இன்ஹேலரை ஒளித்துவைப்பது அவள் உயிரோடு விளையாடுவது. தேவைப்படும் நொடியில் அது பையின் அடியில் கிடக்கும்.

வார்ம்-அப்புக்கு வருவோம். காசு செலவில்லாத மருந்து இது. இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. ஒரு முறை மூச்சுக்குழாய் லேசாகத் தூண்டப்பட்டால், அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரம் அது மறுபடி அவ்வளவு சுலபமாகச் சுருங்காமல் இருக்கும் தன்மை, இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ள, மெதுவாக இரண்டு சுற்று ஓடிக் கைகாலை நீட்டிவிடுவது மட்டும் போதாது. நடுவில் வேகம் வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் மெல்லோட்டம். பிறகு 30 வினாடி வேகமாக ஓடி, முக்கால் நிமிடம் நடை. இப்படி ஆறு முதல் எட்டு முறை. அதன்பின் பத்து நிமிடம் நடந்து ஆசுவாசம். அதற்குப் பிறகு பந்தயம். போட்டி பத்து மணிக்கு என்றால், ஒன்பது மணிக்கு இன்ஹேலர், ஒன்பதேகாலுக்கு மெல்லோட்டம், ஒன்பது இருபத்தைந்துக்கு வேக ஓட்டங்கள், பத்து மணிக்குக் கோட்டில் நிற்பாள். முடித்ததும் திடீரென்று உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியும் நடந்தும் தணியட்டும். உங்கள் மகள் அந்தப் பாதிப் பேரில் ஒருத்திதானா என்பது, வார்ம்-அப் செய்த நாளும் செய்யாத நாளும் பீக் ஃப்ளோ ஊதிப் பார்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் பயிற்சியை மாலைக்கு மாற்ற முடியுமா என்று பி.டி. சாரிடம் கேளுங்கள். முடியாதென்றால் மெல்லோட்டத்தின்போது மூக்கையும் வாயையும் மூடி மெல்லிய பருத்தித் துணியோ மாஸ்க்கோ கட்டலாம். வெளிவிடும் மூச்சின் ஈரமும் சூடும் உள்ளே போகும் காற்றுக்குக் கிடைக்கும். நார் மில் தூசி சாதாரண விஷயமில்லை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் எந்தப் பக்கமிருந்து தூசி வருகிறது என்று பார்த்து, மில் ஓடாத நேரத்திலோ மைதானத்தின் காற்று வரும் முனையிலோ ஓடட்டும். மண் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடுவது நல்லது. குப்பை எரிக்கும் நாள், போகி, தீபாவளிக்கு மறுநாள் காலை என்றால் வெளியில் வேக ஓட்டம் வேண்டாம். சளிக்காய்ச்சல் வந்துபோனபின் சில வாரம் மூச்சுக்குழாய் வழக்கத்தைவிடக் கூச்சமாக இருக்கும். அப்போது மெல்லோட்டத்தோடு நிறுத்துங்கள். காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு அவளுக்கு உண்டா? இருந்தால் டாக்டரிடம் சொல்லி மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கேளுங்கள். மூக்கு அடைத்தால் மெல்லோட்டத்திலேயே வாய் திறந்துவிடும்.

மைதானத்தில் இழுப்பு வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி பி.டி. சாரிடமும் வகுப்பாசிரியரிடமும் கொடுங்கள். ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். படுக்கவைக்கக் கூடாது, நிமிர்ந்து, சற்று முன்னால் சாய்ந்து உட்காரட்டும். ஸ்பேசரில் ஒரு பஃப் அடித்து நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப், ஒவ்வொன்றாக. நான்கு நிமிடம் காத்திருந்து, குறையாவிட்டால் மறுபடி நான்கு. அதற்கும் குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பஃப் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கமாக இருக்கிறாள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். முதல் பஃப் கொடுக்கும்போதே 108-ஐ அழைக்க வேண்டும். வீசிங் சத்தம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவது ஆபத்தாக முடியலாம். அவள் இன்னும் திணறிக்கொண்டிருந்தால், காற்று போக வழியே இல்லாததால்தான் சத்தம் நின்றிருக்கிறது. இன்ஹேலர் இருக்க வேண்டிய இடம் மைதானம், தலைமையாசிரியர் அறையின் பீரோ அல்ல.

ஊக்கமருந்துக் கேள்விக்கு வருகிறேன். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதிப்படி, மூச்சில் இழுக்கும் சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மிகாமல், அனுமதிக்கப்பட்டது. அவள் எடுப்பது 200. ஃபார்மோடெராலுக்கு 24 மணி நேரத்தில் 54 மைக்ரோகிராம் உச்சவரம்பு. ஒரு பஃப்பில் இருப்பது பொதுவாக 6. மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு, மருத்துவ அளவில், தடையில்லை. மாட்டிக்கொள்ள வைப்பது வீட்டில் கொடுக்கச் சொல்லும் அந்தச் சிரப்தான்! வாய்வழிச் சால்பியூட்டமால் எப்போதும் தடைசெய்யப்பட்டது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிவரும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது, அதுவும் தடை. ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக் காலத்தில் தடை. பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி புதிதாக நடைமுறைக்கு வரும். மாநில, தேசிய அளவுக்குப் போகும்போது அதைப் பார்த்து, டாக்டரின் சீட்டு, பரிசோதனை அறிக்கை, மருந்து அளவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். இழுப்பு வந்து எட்டுப் பஃப் கொடுக்க நேர்ந்தால் 600-ஐத் தாண்டும்தான். அப்போது கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். அவசர சிகிச்சைக்குப் பின்னால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அவளிடமும் ஒன்று சொல்லுங்கள். 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கு உடற்பயிற்சி ஆஸ்துமா உண்டு. நீளம் தாண்டுதலிலும் ஹெப்டத்லானிலும் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜாக்கி ஜாய்னர்-கெர்சிக்கு ஆஸ்துமா உண்டு. ஆஸ்துமா இருவரையும் தடுத்து நிறுத்திவிடவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டில் இரண்டு வாரம் இதை எழுதிவையுங்கள்: தேதி, எந்த ஓட்டம், ஓடும் முன் பீக் ஃப்ளோ, நின்ற பத்தாவது நிமிடத்தில் பீக் ஃப்ளோ, எத்தனை பஃப், இரவில் இருமினாளா. இரவு இருமல், காலையில் எழுந்ததும் இறுக்கம் என்று ஓடாத நேரத்திலும் ஏதாவது இருந்தால், அவளுக்கு இருப்பது ஓட்டத்தோடு நிற்காத முழு ஆஸ்துமா. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். புது மருந்து தொடங்கிய நான்காவது வாரம் அதே நோட்டோடு மறுபடி போங்கள். பத்தாவது நிமிடத்து எண் ஓடும் முன் இருந்த எண்ணைக் கிட்டத்தட்டத் தொட்டால், ஓடும் முன் இன்ஹேலரை 1500 ஓடும் நாளுக்கும் போட்டி நாளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தொடாவிட்டால், அளவைக் கூட்டுவதற்கு முன் அவளை அங்கேயே இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து நன்றாக இருந்தால் டாக்டரே ஸ்டீராய்டு அளவைக் குறைத்துப் பார்ப்பார். மார்கழி நெருங்கும் நேரமாக இருந்தால், குறைப்பதைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.